குழலுக்குக் கீழ ஒரு விரிசல்

அவசரப்படாதீங்க தம்பி, ரசீது போடுறதுக்கு முன்னாடி இந்தத் துப்பாக்கியக் கொஞ்சம் பாருங்க. விளக்க இப்படித் திருப்புறேன். தோட்டா போடுற உருளையத் தள்ளித் திறந்தாத்தான் தெரியும், மூடியிருந்தா சாமியே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. குழல் திருகி உள்ள ஏறுதுல்ல, அதுக்கு நேர் கீழ, தலைமுடி மாதிரி ஒரு கோடு. அழுக்கு இல்ல. நகத்தால சுரண்டிப் பாருங்க, போகாது. விரிசல்.

பரவாயில்லையா? என்ன, பொசுக்குன்னு சொல்லிட்டீங்க.

உக்காருங்க. நானும் உக்காந்துக்கறேன், முட்டி விட்டுப்போச்சு. நாளைக்கு மான் வேட்டை ஆரம்பிக்குது. இந்த மொன்டானா மாநிலத்துல இருக்கிற அத்தன பேருக்கும் இன்னைக்குத்தான் தோட்டா இல்லன்னு ஞாபகம் வந்திருக்கு. காலைலேருந்து ஒரே தள்ளுமுள்ளு.

இந்த மாதிரி கனமில்லாத ரிவால்வர் இருக்கே, சட்டைப் பையில போட்டுக்கத்தான் லாயக்கு. உடம்பு பூரா அலுமினியம். குழல ஒரு முறுக்கு ஜாஸ்தியா முறுக்கி அனுப்பிட்டான்னா அந்த இடம் விம்மிக்கிட்டே கெடக்கும். அப்புறம் நம்ம ஆளுங்க சும்மா இருப்பாங்களா? பொண்டாட்டி கைக்கு அடக்கமா இருக்குன்னு வாங்கிட்டுப் போயி, கரடி சுடுற மாதிரி வேகமான தோட்டாவாப் போட்டுக் குடுப்பாங்க. அவ ரெண்டு தரம் சுட்டுட்டு, கை கழண்டுபோச்சு, நீயே வெச்சுக்கய்யான்னு மேசைமேல எறிஞ்சிடுவா. அடுத்த வாரம் இந்த வெர்னா கிழவி தலையிலதான் வந்து கட்டுவாங்க. உருளைய மூடியே நீட்டுவாங்க, கெட்டிக்காரனுங்க.

பத்த வெச்சு ஒட்டலாமான்னு எல்லாரும் கேப்பாங்க. நீங்க கேக்கல. ஒட்ட முடியாது. சுடச் சுட விரியும், குழல் கோணிக்கும், ஈயச் செதில் நம்ம கண்ணுலயே வந்து தெறிக்கும்.

அதோ, பக்கத்துல முழு எஃகு, அதே விலைதான். வேணாமா? சரி, உறை? அதுவும் வேணாம். தோட்டா மட்டும், அதுவும் பெட்டி முழுசா எதுக்குங்கறீங்க.

வீட்டுல யாரு இருக்கா? யாருமில்லையா. நாயாச்சும் இருக்கா? ஓ... இன்னைக்குக் காலைலயா அதப் பக்கத்து வீட்டுல குடுத்தீங்க?

ம்.

சரி, சொல்லிடறேன் தம்பி. இது விக்கிறதுக்கு வெச்சதே இல்ல. தோட்டாவ அடிக்கிற ஊசியக் கழட்டி எடுத்துட்டேன், சுடாது, வெறும் கூடு. கேக்கற ஆளுக்கு விரிசலக் காட்டுவேன், அவ்வளவுதான். நாளைக்கும் மறுநாளும் சுடப்போறவன் பதறுவான். இதப்போயி விக்கிறியே கிழவின்னு வாய்க்கு வந்தபடி பேசிட்டுப் போவான். எனக்கு நிம்மதி. பரவாயில்லன்னு சொல்றவனுக்கு நான் எதுவும் விக்கிறதில்ல, எஃகும் சேத்துத்தான். சும்மா அதயும் கேட்டுப் பாத்தேன்.

எழுந்திரிக்காத. உக்காருப்பா. கோவமா வந்தா என்னத் திட்டிக்கோ. காபி காலைல போட்டது, கசக்கும், குடி. அண்ணன், அக்கா, யாராச்சும் இருக்காங்களா? நம்பரச் சொல்லு, நானே பேசறேன். அவங்க வர்ற வரைக்கும் கடையச் சாத்திட்டு உங்கூட உக்காந்திருக்கேன்.

கிழவி என்ன இவ்ளோ பேசுறான்னு பாக்காத. என் தம்பி டுவைட் கடைசியாப் போய்த் துப்பாக்கி கேட்ட கடைல ஒருத்தனும் ஒரு வார்த்த பேசல. நல்லாத் தொடச்சு, பையில போட்டுக் குடுத்து அனுப்பிட்டாங்க.