யாரும் பேசாத படம்

புளியங்குடியிலிருந்து சங்கரன்கோவில் வரும் பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பெரியவர்கள். ஒருவர் எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கத்துக்குப் படம் தேர்ந்தெடுப்பவர். மற்றவர் வெளிநாட்டுப் படங்களின் கீழே ஓடும் எழுத்தைப் படித்து, மைக்கில் தமிழில் சொல்பவர்.

“இந்த மாசம் யாருமே பேசாத படம் வே,” என்றார் தேர்ந்தெடுப்பவர்.

“எனக்குக் கண்ணு மங்கிட்டுன்னு எடுத்தீரா?”

“ஆமா. எழுத்தே வராது.”

மைக்குக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். “அப்போ எனக்கு அங்கன என்ன வேலை? நான் வரல.”

“ஜப்பான்காரன ‘ஏட்டி, சோறு வடிச்சிட்டியா’ன்னு கேக்க வச்ச ஆளுல்லா நீரு. சனம் என்னா சிரிப்பு சிரிச்சுது.”

“அதுல அவன் பொண்டாட்டி செத்தப்ப அழுதாவளே, அதையும் சொல்லும்.”

“அழுதாவ. உம்ம குரலுக்குத்தான வந்தாவ.”

“குரல் இருக்கு வே. வாசிக்க முடியல.”

“இதுல வாசிக்க ஒண்ணுமில்ல. ஒருத்தி பஸ்ஸுக்கு நிப்பா. பஸ் வரும், ஏற மாட்டா. ஏன் ஏறலன்னு சனம் கேக்கும்லா, நீரு சொல்லும்.”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“முன்ன மட்டும் எல்லாம் தெரிஞ்சா சொன்னீரு?”

மைக்குக்காரர் சிரிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதுதான் கேட்டார்:

“அவ எந்த ஊருக்கு வே போகணும்?”