7318-க்கு நியாய விலை

பழைய ராணுவத் துப்பாக்கி ஒன்று உங்கள் கைக்கு வந்தால், தயவுசெய்து அதைத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள், ஷெரீப். பாதி விலை அங்கேயே போய்விடும். துப்பாக்கிச் சந்தையில் என் மேசைக்கு வருகிற எல்லோரிடமும் முதலில் இதைத்தான் சொல்வேன். முப்பத்தொரு வருடமாக விலை சொல்கிறேன். ஹார்லன் ஹெஸ் தப்பு விலை சொன்னான் என்று ஒருத்தர் சொல்லட்டும், பார்க்கலாம்.

என் தம்பி ராய்ஸிடம் இருந்தது அப்பாவின் துப்பாக்கி. ஜெர்மனியில் போர் முடிந்தபோது, சரணடைந்தவர்கள் துப்பாக்கிகளை ஒரு குவியலாகவும், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டுகளை இன்னொரு குவியலாகவும் போட்டார்களாம். மற்ற அமெரிக்கச் சிப்பாய்கள் கைக்கு அகப்பட்ட போல்ட்டைச் சொருகி எடுத்து வந்தார்கள். அப்பா மட்டும் மழையில் குந்தி உட்கார்ந்து, துப்பாக்கியில் இருந்த 7318 என்ற அதே எண் போட்ட போல்ட்டைத் தேடி எடுத்தார். எண்கள் பொருந்தினால் மூவாயிரம் டாலர், பொருந்தாவிட்டால் அறுநூறு. எனக்குப் பணம் பெரிசில்லை. அந்த மழையின் அருமை தெரிந்தவன் வீட்டில் அது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்பா அதை ராய்ஸுக்கு எழுதிவைத்தார். எனக்குக் கருவிப்பெட்டி. கடைசிக் காலத்தில் அவருக்கு ஞாபகம் தப்பிவிட்டது. போல்ட்டைக் கழற்றி எங்கோ வைத்துவிட்டு, எங்கே என்று சொல்லத் தெரியாமலே போய்ச் சேர்ந்தார். இரண்டு மாதம் கழித்து அந்தக் கருவிப்பெட்டியின் அடியில், எண்ணெய் ஊறிய காலுறைக்குள் அது கிடைத்தது. ராய்ஸ் மூன்று தடவை கேட்டான். பார்க்கவில்லை என்றேன்.

அவன் பல வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சந்தையில் நாற்பது டாலருக்கு வேறொரு போல்ட்டை வாங்கிப் போட்டுக்கொண்டான். போன நவம்பரில், மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தின சனிக்கிழமை, துப்பாக்கியோடு வந்தான்.

"சரியான விலையா ஒரு தாள்ல எழுதிக் குடு, அண்ணே. வீட்டுச் சாமானுக்கெல்லாம் டோரீன் இன்சூரன்ஸ் எடுக்கறா."

"எனக்கே வித்துடேன். எவ்வளவு வேணும்?"

"அப்பா சாமான விக்கவா? நான் செத்தப்புறம் எம்பொண்டாட்டிகிட்ட கேட்டுக்கோ, போ" என்று சிரித்தான்.

எல்லாத் துப்பாக்கிகளையும் போல அதையும் சோதித்தேன். தோட்டா வடிவத்தில் ஓர் எஃகு அளவுகோல் இருக்கிறது. அதை உள்ளே வைத்தால் போல்ட் மூடக் கூடாது. மூடினால் தோட்டாவுக்கும் போல்ட்டுக்கும் இடைவெளி அதிகம். சுடும்போது தோட்டாவின் பித்தளை கிழிந்து முகத்தைப் பார்த்து வரும்.

"குதிரைக்குப் பல்லு பாக்கற மாதிரியில்ல பாக்கறே" என்று கிண்டல் செய்துகொண்டே ராய்ஸ் எனக்கு விளக்குப் பிடித்தான்.

போல்ட் மூடியது. மறுபடி வைத்துப் பார்த்தேன். மூடியது. தாளில் அறுநூறு என்று எழுதினேன். எண் பொருந்தாத துப்பாக்கிக்கு அதுதான் நியாயமான விலை. அவன் கேட்டதும் விலையைத்தான்.

எங்கள் மேற்கு வர்ஜீனியாவில் வேட்டை தொடங்குகிற திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கே லீவு, உங்களுக்குத் தெரியாததா. சாயங்காலம் ஓடைக்கரையில் அவனைக் கண்டுபிடித்தார்கள். கழுத்தில் ஒரு பித்தளைத் துண்டு. பனியில் நாற்பது அடி தவழ்ந்திருக்கிறான், பாவம். அடக்கத்தில் நான் அழுத மாதிரி வேறு யாரும் அழவில்லை, ஷெரீப். அது நடிப்பில்லை. அவனுக்கு சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்தவன் நான். இன்றைக்கும் நான் ஓடைப்பக்கம் போவதில்லை.

"அந்தச் சனியன் என் கண்ணுலயே படக் கூடாது. நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க" என்றாள் டோரீன். வெடித்ததில் மரக்கட்டை பிளந்த துப்பாக்கிக்கு இருநூறுதான் தகும். தம்பி மனைவியாயிற்றே என்று முன்னூறு கொடுத்தேன். "நீங்க ஒருத்தராவது எனக்கு இருக்கீங்களே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து அப்பாவின் போல்ட்டைப் போட்டேன். அளவுகோலை வைத்தேன். மூடவில்லை. எழுபது வருடத்துக்குப் பிறகும் மூடவில்லை. அப்பா பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

என் மேசையிலிருந்து நீங்கள் எடுத்த அட்டை என் கையெழுத்துதான். தேதி, எண், 'மூடுகிறது, சுடக் கூடாது' என்ற குறிப்பு, எல்லாம் நான் எழுதியது. கேட்டவருக்கு ஒரு தாள், எனக்கு ஓர் அட்டை, இதுதான் என் வழக்கம். அட்டையில் பொய் எழுத எனக்கு வராது.

விலையை மட்டும்தான் கேட்டான் என்று சொன்னேன் அல்லவா. அது முழுக்கச் சரியில்லை. வாசல் வரை போனவன் திரும்பினான்.

"திங்கக்கெழம இதையே எடுத்துட்டுப் போறேன். தைரியமா சுடலாம்ல, அண்ணே?"

வெளியே நல்ல குளிர். அவன் கோட்டின் கழுத்துப் பொத்தான் திறந்திருந்தது. அதைப் போட்டுவிட்டேன்.

"அப்பா சுட்டதுதானேடா. சுடு" என்றேன்.