கயிற்றின் திணிவைப் புறக்கணிக்குக

உங்கள் பொலிஸ் அறைக்குக் கடற்காற்று நன்றாக வருகிறது, ஐயா. இத்தனை வருடம் துறைமுகத்தில் நின்றும் எனக்கு இப்படியொரு காற்று வாய்த்ததில்லை. அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கப்பல் காற்றை மறைத்துக்கொண்டு நிற்கும்.

நான் கிண்ணியா ஸஹாப்தீன். கப்பலில் கைகாட்டி. அது என்ன வேலை என்று நீங்கள் விசாரிக்க வந்த அன்று குலசிங்கம் கங்காணி ஏதோ சொன்னார். அது சரியாக இல்லை, நானே சொல்கிறேன். அந்தக் கோதுமை மாக் கப்பல் கரைக்கு வரவில்லை; நடுவில் நங்கூரம் போட்டு நின்றது. மூட்டைகளை வலையில் கட்டி, வின்ச்சால் தூக்கி, பக்கத்தில் அணைந்து நிற்கும் சரக்குப் படகுக்குள் இறக்குவோம். வின்ச் ஓட்டுகிற ஸெய்னுதீனுக்கு இருந்த இடத்திலிருந்து படகு தெரியாது. ஆகவே கப்பல் விளிம்பில் ஒருவன் நின்று, கீழே பார்த்து, கையால் சொல்ல வேண்டும். உள்ளங்கையைக் கீழே காட்டி அசைத்தால் இறக்கு. கையைப் பொத்தினால் நில். வின்ச் சத்தத்தில் வாய்க்கு மதிப்பில்லை. படகில் நிற்கிறவனும் மேலே பொத்திய கையைப் பார்த்த பிறகுதான் தொங்கும் பாரத்துக்குக் கீழே கையோ காலோ வைப்பான். மூட்டை சுமந்து வலது தோள் இறங்கிப்போனபின் எனக்கு அந்த இடத்தைக் கொடுத்தார்கள்.

எழுத்து நான் பிந்திப் படித்தவன். என் மகன் றஊப் பள்ளிக்கூடத்தால் வந்து பாயில் குப்புறக் கிடந்து எழுதுவான். பக்கத்தில் நானும் கிடந்து எழுதுவேன்.

"வாப்பா, உங்கட ஆனாவுக்கு வயிறு பெருத்துப்போச்சு" என்று சிரிப்பான்.

அவன் வகுப்பு வகுப்பாக ஏறிப் போனான். நான் எழுத்துக்கூட்டி வாசிக்கிற இடத்திலேயே நின்றுவிட்டேன். நானாக வாசித்த முதல் பெரிய சொல் சங்கத்து மதிலில் ஒட்டியிருந்தது: 'வேலையைப் புறக்கணிப்போம்.' நான் கடைசி எழுத்துக்கு வந்து சேர்வதற்குள் வேலைநிறுத்தம் முடிந்துவிட்டது என்று ஸெய்னுதீன் பிறகும் பகிடி பண்ணுவான்.

றஊப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டான். முதல் லீவுக்கு வந்தபோது இயக்கவியல் புத்தகம் ஒன்று கொண்டுவந்தான். அவன் தூங்கும் நேரம் நான் அதை எடுத்து வாசிப்பேன். கணக்கு விளங்காது, எழுத்துகள் விளங்கும். பக்கத்துக்குப் பக்கம் ஒரே கட்டளை: உராய்வைப் புறக்கணிக்குக. காற்றின் தடையைப் புறக்கணிக்குக. கயிற்றின் திணிவைப் புறக்கணிக்குக.

"மகன், உராய்வோட இவங்களுக்கு என்ன கோவம்? எந்தச் சங்கம் இது?" என்று கேட்டேன்.

அவன் பாயில் உருண்டு உருண்டு சிரித்தான். பிறகு எழும்பியிருந்து விளக்கினான். கணக்கு இலேசாக வரவேண்டுமென்று அதெல்லாம் இல்லாத மாதிரி வைத்துக்கொள்வார்களாம்.

"கயிறு பாரமெண்டா?"

"அப்ப தொகையீடு வேணும், வாப்பா. கயிறு மேல ஏற ஏற, தொங்குற பங்கு குறையும். பாரம் மாறிக்கொண்டே இருக்கும். அதைத் துளித்துளியா வெட்டி, ஒவ்வொரு துளிக்கும் தனியப் பாத்து, எல்லாத்தையும் கூட்டோணும்."

எனக்கு விளங்கியது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கயிற்றைக் கையால் தொடாமலே அதன் பாரத்தைச் சொல்கிற ஒரு இடம் உலகத்தில் இருக்கிறது, அங்கே என் மகன் இருக்கிறான் என்பது விளங்கியது. அன்றைக்கு என் மனைவி அசனாவிடம் இரண்டாம் முறையும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்த வருடப் பரீட்சையில் அவன் இயக்கவியலில் தவறிவிட்டான். கிணற்றுக்குள் தொங்கும் சங்கிலியை இழுத்தெடுக்கிற கணக்கு ஒன்று வந்ததாம். வெட்டத் தெரிந்ததாம், கூட்டத் தெரியவில்லையாம். மறுபடி எழுதலாம் என்றார்கள். வீட்டுக்கு வந்தவன் புத்தகத்தைப் பார்த்தபடியே இருந்தான். பிறகு, "சும்மா இருக்க ஏலாது வாப்பா, லீவு முடியும் வரைக்கும் உங்களோட வாறன்" என்றான். நான் கூட்டிப் போனேன். என்னுடைய பிழை அது ஒன்றுதான். அதை வேண்டுமானால் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள்.

படகில் அவனுக்கு முகம் தெளிந்துவிட்டது. பல்கலைக்கழகம் போனவன் என்று ஸெய்னுதீன் மேலே இருந்து கத்துவான்: "கம்பஸ் தம்பி, பாத்து! மூட்டையைப் புறக்கணிச்சிடாதீங்க, அது உங்களைப் புறக்கணிக்காது!"

அவனும் கீழே இருந்து அண்ணன் முறை வைத்தே திருப்பிக் கொடுப்பான்: "நீங்க முதல் உங்கட வாயைப் புறக்கணியுங்க, காக்கா!"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். மா படிந்த தலையோடு என் மகன் அத்தனை பேருக்கு நடுவில் நின்று சிரிப்பதைப் பார்த்ததும் சிரிப்பை விட்டுவிட்டு அடுத்த வலைக்குக் கைகாட்டினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை குலசிங்கம் என்னைக் கூப்பிட்டார். "நானா, உங்கட பொடியன் நல்ல கைகாரன். திங்கக்கிழமை அவனை நிரந்தரமாப் பதியச் சொல்லுறன். அவனுக்குச் சம்மதமாம். சந்தோசம்தானே?"

"ஓம்" என்றேன். 

அன்று கிண்ணியாவுக்குப் பாதைப் படகில் கடலைக் கடந்து திரும்பும்போது, மற்றச் சனம் எல்லாம் ஒரு பக்கம் நிற்க, நாங்கள் இருவரும் ஓரமாக நின்றோம். கேட்டேன். அவன் ஒளிக்கவில்லை.

"வாப்பா, அங்க எல்லாத்தையும் புறக்கணிச்சாத்தான் ஒரு விடை வரும். எனக்கு அதுவும் வரேல்ல. இங்க ஒண்டையும் புறக்கணிக்க ஏலாது. மூட்டை ஈரமெண்டா ஈரம். காத்தடிச்சாக் காத்து. எனக்கு இதுதான் சரி."

"என்ட தோளைப் பாத்தியா மகன்?"

"பாத்திருக்கிறன். எனக்கு அந்தத் தோளில வெக்கம் இல்ல, வாப்பா."

நல்ல பதில்தான். கேட்கிறவர்களுக்குக் கண்ணீர் வரும். எனக்கு வரவில்லை. உராய்வும் காற்றும் கயிற்றுப் பாரமும் ஒன்றும் தொடாத இடத்தில் எங்கள் வமிசத்தில் ஒருவனாவது இருக்கட்டும் என்றுதான் நான் இத்தனை கப்பலை இறக்கினேன். அவன் வெட்கப்பட வேண்டுமென்று நான் கேட்கவில்லை. போகவேண்டுமென்று கேட்டேன்.

சொல்லிப் பார்த்தேன். அசனாவும் அழுது பார்த்தாள். கால்கள் இருக்கிற பிள்ளை, ஐயா. பூட்டி வைக்க முடியுமா?

சனிக்கிழமை வழக்கம்போல நின்றேன். வலை நிறைந்த மூட்டைகள் படகுக்கு மேலே வந்தன. நான் கையைப் பொத்தினேன். வலை நின்றது. முதல் இறக்கிய அடுக்குக்கும் படகின் பக்கப் பலகைக்கும் நடுவில் ஒரு மூட்டை சரிந்து கிடந்தது. றஊப் மேலே பார்த்தான். என் கை பொத்தியிருந்தது. இடது காலை அந்த இடுக்குக்குள் இறக்கி, மூட்டையை உதைத்து நிமிர்த்தினான். தலை படகுக்கு வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது. இரண்டு கைகளும் பலகையின் மேல் விளிம்பைப் பிடித்திருந்தன. எழுதுகிற கை வலது கை. அது வலையிலிருந்து தூரத்தில் இருந்தது. இதையெல்லாம் நான் ஆறுதலாக, அவசரமில்லாமல் பார்த்தேன், ஐயா. யாரோ கண்மூடித்தனமாகச் செய்தது போல எழுதிவிட வேண்டாம்.

பிறகு கையை விரித்து, கீழே காட்டி அசைத்தேன். ஸெய்னுதீன் இறக்கினான். என் கையைத்தான் அவன் பார்ப்பான்; அவனுடைய வேலை அது.

காலை முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டியிருந்தது என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். குலசிங்கம் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். திங்கட்கிழமை யாரையும் பதியவில்லை.

நீங்கள் இப்போது என்னைப் பார்க்கிற பார்வை எனக்குத் தெரிகிறது. பாருங்கள். உங்களுடைய பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. மூட்டைக்குக் கீழே நிற்கவில்லை என்று மட்டும் தெரியும். சங்கிலிக் கணக்குச் செய்ய ஒருவனுக்குத் தலை வேண்டும், ஒரு கை வேண்டும், இருக்க ஒரு கதிரை வேண்டும். அந்த மூன்றில் ஒன்றையும் நான் தொடவில்லை. தொட்டேன் என்று சொல்லுகிறவனை என் முன்னால் கொண்டுவாருங்கள்.

கால் வழுக்கியது என்று றஊப் உங்களிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அது பொய். அவன் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன், அதனால் சரியாகச் சொல்ல வரவில்லை. அதை வெட்டிவிடுங்கள். ஸெய்னுதீன் குடித்திருந்தான் என்று யாரோ சொன்னதும் பொய். அவன் பீடிகூடப் பிடிப்பதில்லை.

ஏன் இவ்வளவு நாள் பொறுத்து வந்து சொல்கிறேன் என்று கேட்டீர்கள். மனச்சாட்சி என்று எழுதப் போகிறீர்கள் போலிருக்கிறது. வேண்டாம். பிடித்து வைத்திருக்கிற ஸெய்னுதீனை நீங்கள் விட்டால் எனக்குச் சந்தோசம். ஆனால் அதற்காகவும் நான் வரவில்லை. வழக்குக்குச் சாட்சி சொல்ல றஊப் வரவேண்டும் என்று உங்கள் சார்ஜன் வீட்டில் வந்து ஒரு தேதி சொல்லிவிட்டுப் போனார். அதே தேதியில்தான் பேராதனையில் மறுபரீட்சை. குற்றவாளி தானே ஒப்புக்கொண்டால் சாட்சி தேவையில்லை என்று அரசாங்கக் கச்சேரிப் பக்கம் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதுதான் விசயம். எங்கே கையெழுத்து வைப்பதென்று காட்டுங்கள். எனக்கு எழுதத் தெரியும், பெருவிரல் வேண்டாம்.

பிள்ளை வீட்டில்தான் இருக்கிறான். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறான். அசனா எனக்குச் சோற்றை வைத்துவிட்டுப் போய்விடுவாள். புத்தகத்தை அவன் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். வைத்த மாதிரியே இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் செய்து பார்க்கிறான் போலும்.

என்னோடு ஒரே ஒரு தடவைதான் பேசினான். ஆஸ்பத்திரியில், மயக்கம் தெளிந்த அன்று.

"வாப்பா, வலை இறங்கக்குள்ள நான் உங்கட கையைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்" என்றான்.

அந்த நேரத்திலும் கண்ணை எடுக்காமல் பார்த்திருக்கிறான், ஐயா. அவ்வளவு கவனமுள்ள பிள்ளை, இந்த முறை பரீட்சையில் சித்தியடைந்துவிடுவான்.