தீவுக்காரன் கேட்ட பெயர்

அமெரிக்காவில், ஃப்ரீமான்ட் போகும் ரயிலில் எனக்கு எதிரே ஆபீஸ் போகிற இருவர் உட்கார்ந்திருந்தார்கள். செந்தில் என்பவன் எங்கள் கோயமுத்தூர்ப் பக்கம். ரஃபீக் லட்சத்தீவுக்காரன், மெட்ராஸில் படித்தவனாம்.

“லட்சத்தீவுன்னு பேரு. எண்ணினா முப்பத்தாறுதானாமே!” என்று செந்தில் சிரித்தான்.

“வெளியாளுங்க வெச்ச பேருடா அது. எங்க தீவை நீங்க மினிகாய்ங்கறீங்க. எங்களுக்கு அது மலிக்கு. மேப் போட்டவன் எங்களைக் கேக்கவே இல்ல.”

“கேக்காம எப்படிடா? எங்கூர்ல குளம், காடு, வாய்க்கால் எல்லாத்துக்கும் பேரு உண்டு. அத்தனையும் சொல்றேன், டெஸ்ட் பண்ணிக்கோ.”

“உங்க தோட்டத்துல வேலை செய்றவங்க குடியிருக்கற இடத்துக்கு?”

“அதுவா... காலனி.”

“அது நீங்க சொல்ற பேரு. அவங்க என்னன்னு சொல்லுவாங்க?”

செந்தில் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினான்.

“கேட்டதில்லடா.”

எங்கள் ஊரிலும் அப்படி ஓர் இடம் உண்டு. ஐம்பது வருடம் அங்கிருந்துதான் வேலைக்கு ஆள் கூப்பிட்டனுப்பினேன். அதன் பெயர் எனக்கும் தெரியாது.

செந்தில் என்னை நிமிர்ந்து பார்த்தான். சுங்குடிப் புடவை கட்டியிருந்தும், தமிழ் தெரியாதவள் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.