அம்மன் வேஷக்காரரின் முகம்

திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு கூத்துக்காரர்கள். ஒருவர் மிருதங்கத்தை மடியில் வைத்திருந்தார். மற்றவருக்கு நெற்றி, கன்னம் எல்லாம் பருக்கள். கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு.

“கறி தின்னுட்டு அம்மன் வேஷம் கட்டினேன் மச்சான். ஆத்தா மூஞ்சியில காட்டிட்டா. இனிமே எனக்கு அந்த வேஷமே வேணாம்.”

“டாக்டரு இன்னா சொன்னாரு?”

“தோல்ல இருக்கிற சின்னச் சின்ன ஓட்டையெல்லாம் எண்ணெயும் அரிதாரமும் போய் அடைச்சுக்கிச்சாம். கூத்து முடிஞ்சதும் எண்ணெயத் தடவித் துடைச்சுட்டு அப்படியே படுக்காத, சோப்பு போட்டுக் கழுவு, கிள்ளாத, களிம்பு தடவு, ரெண்டு மாசத்துல சரியாயிடும்னாரு.”

“கறியப் பத்திக் கேட்டியா?”

“கேட்டேன். சிரிச்சாரு.”

“அன்னிக்கு உன்னவிட நான்தான்டா ஜாஸ்தி தின்னேன். எனக்கு ஒரு பருவாவது வந்துச்சா? நான் மூஞ்சியில எதுவும் பூசறதில்ல, அவ்ளோதான்.”

வேஷக்காரர் நண்பரின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கும் இடம் நெருங்கியதும் கேட்டார்.

“வெள்ளிக்கிழமை கூத்துக்கு அம்மன் வேஷத்த வேற யாருக்காச்சும் சொல்லிட்டாங்களா?”

“இன்னும் இல்ல.”

“சொல்ல வேணாம். நானே கட்டறேன். ஆனா அன்னிக்கு மட்டும் கறி வேணாம் மச்சான்.”