வாலாஜாபாத் சாலைப் பெட்டி

மதியம் சாப்பிட்டு உட்கார்ந்தால் எனக்குக் கண் சொக்கும். அதைத் தவிர என்னிடம் சொல்லும்படியான கெட்ட பழக்கம் எதுவும் இல்லை மேடம். யாரிடமும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், ஃபக்ருதீன் பாய்க்கும் பரசுராமனுக்கும் என்ன பகை என்று ஆபீசில் ஆளாளுக்குக் கேட்கிறார்களாம். பகை ஒன்றும் இல்லை. பாய் மேல் எனக்குப் பிரியம்தான்.

விசாரிக்க வந்திருக்கிறீர்கள், எங்கள் வேலை உங்களுக்குத் தெரிந்திருக்காது. காந்தி ரோட்டுப் பட்டுக்கடைகளுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் நான் உட்கார்ந்திருப்பேன். எதிரே திரை. ஊர் ஊராகப் போகும் ஃபைபர் இணைப்புகள் அதில் கோடு கோடாகத் தெரியும். பச்சை என்றால் நலம். சிவப்பு என்றால் போன் மேல் போன். முகூர்த்த நாளில் கடையில் கார்டு மெஷின் நின்றுவிட்டால், கல்யாணப் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற கூட்டத்தின் கோபம் முழுக்க என் தலையில்தான் விடியும். பழுது எந்த இடத்தில் என்று நான் இங்கிருந்தே கண்டுபிடிப்பேன். பாய் பைக்கில் போய்ச் சரிசெய்வார்.

வாலாஜாபாத் சாலையோரம் ஓர் இரும்புப் பெட்டி இருக்கிறது. நெடுந்தூரம் போகிற பெரிய இணைப்பு அதன் வழியாகத்தான் போகிறது. அது ஒரேயடியாகச் செத்திருந்தால் நிம்மதி, தோண்டி வேறு கேபிள் போட்டிருப்போம். அதுவோ விட்டு விட்டு வந்தது. லாரி போனால் போகும், வெயில் ஏறினால் வரும். என் உயிரை வாங்கிவிட்டது. ஒவ்வொரு தடவையும் பாய் போய் ஃபைபரின் முனையைக் கழற்றித் துடைப்பார். தூசி போயிற்றா என்று கையடக்கமான ஒரு பூதக்கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்ப்பார். பிறகு செருகுவார். கொஞ்ச நாள் ஓடும், மறுபடி போக வேண்டிவரும்.

ஃபைபரில் ஓடும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. சுடாது, வலிக்காது. ஆனால் அவ்வளவு பலமான ஒளியைப் பூதக்கண்ணாடி வழியே பார்த்தால் விழித்திரை கருகிப்போகும். அதனால் எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. முனையைக் கண்ணருகே கொண்டுபோகும் முன் வெளியே இருப்பவர் போனில் கேட்பார். அறையில் இருப்பவர் ஒளியை அணைத்துவிட்டுப் பதில் சொல்வார். அதற்குப் பிறகுதான் பார்ப்பது.

“பரசு, ஆஃப் பண்ணிட்டியாபா?” என்பார்.

“பண்ணிட்டேன் பாய்” என்பேன்.

நான் அணைக்கவில்லை.

முனை கழன்றால் ஒளி தானாகவே அணைகிற ஏற்பாடும் ஒளியை அனுப்பும் மெஷினில் உண்டு. அதை நான் முன்பே எடுத்துவிட்டிருந்தேன். அணைந்தது திரும்ப எரிய நேரம் பிடிக்கும், அந்த நேரம் முழுக்க என் பெயரில் பழுதாக ஏறும். நானே அணைக்கலாம் என்றால் சென்னையில் அனுமதி கேட்க வேண்டும். மேலாளர் கோதண்டபாணி, “மறுபடியும் அதே லிங்க்காய்யா?” என்று ஆரம்பிப்பார். ஒளி எரிந்துகொண்டே இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. பாய் செருகிய உடனே கோடு பச்சையாகிவிடும், யாருக்கும் தெரியாது. முதல் தடவை அசதியில் சொன்னதுதான். ஒன்றும் ஆகவில்லை. பிறகு பழகிப்போயிற்று.

மாசி மாதம் பாய் அறைக்கு வந்து வலது கண்ணைக் கசக்கிக்கொண்டே உட்கார்ந்தார். “பேப்பர் படிக்க முடியலபா. சுத்தி இருக்கிறதெல்லாம் தெரியுது, நடுவுல மட்டும் சாம்பல் பூசினாப்ல இருக்குது.”

கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. பயிற்சியில் இதைப் படம் போட்டே காட்டியிருக்கிறார்கள். பயந்துபோனேன், அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதே நிறுத்தியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். நானும் யோசித்தேன். திடீரென்று ஒழுங்காக அனுமதி வாங்கி அணைக்க ஆரம்பித்தால், இத்தனை நாள் ஏன் அணைக்கவில்லை என்று யாராவது கேட்பார்கள். அதனால் எப்போதும்போல் இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அவர் மனைவி சித்தாரா போன் செய்தார். “அண்ணே, எதிர்ல வர்ற வண்டியே சரியா தெரியலன்றாரு. நீங்க சொன்னாதான் கேப்பாரு. பெரிய டாக்டராண்ட காட்டச் சொல்லுங்கண்ணே.”

“வயசாகுது இல்லமா, சர்க்கரையா இருக்கும். கண்ணாடி மாத்தினா சரியாப் பூடும்” என்றேன். பெரிய டாக்டர் என்றால் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்பார், அதற்காகத்தான். பாய்க்கு நானே சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்தேன். அதை இன்னும் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறார்.

‘கேட்காமல் பார்த்துவிட்டேன், தப்பு என்னுடையது’ என்று பாய் உங்களிடம் சொல்லியிருக்கிறார். அப்படிச் சொல்லும்படி நான் கேட்கவில்லை. ‘ஒருநாள் மறந்து கேக்காம பாத்துட்டிங்களோ என்னமோ பாய்’ என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன், அவ்வளவுதான். ரொம்ப நேரம் யோசித்து, “இருக்கும்பா” என்றார். நேற்று பார்க்கப் போனபோது என் கையைத் துழாவிப் பிடித்துக்கொண்டு, “உனக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன்பா” என்று அழுதார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் கேட்காமல் பார்த்ததே இல்லை மேடம். ஒவ்வொரு தடவையும் கேட்டார்.

கடைசியாகப் போனது பங்குனியில், நல்ல முகூர்த்த நாள். காந்தி ரோட்டில் நடக்க இடமில்லை. கோடு சிவந்து சிவந்து மறைந்தது. பாய் பெட்டியைத் திறந்து முனையைத் துடைத்துவிட்டுப் போனில் சொன்னார்: “ஒண்ணுமே தெரியலபா. தூசி போச்சா இல்லியான்னே சொல்ல முடியல. வேற யாரையாச்சும் அனுப்பேன்.”

வேறு ஆள் செங்கல்பட்டிலிருந்து வர வேண்டும். அதற்குள் கடைக்காரர்கள் என்னைத் தின்றுவிடுவார்கள். எனக்கு அசதியாக இருந்தது.

“எந்தக் கண்ணால பாக்கறீங்க பாய்?”

“எப்பவும் போல வலதுலதான்.”

“இடது நல்லாத்தானே இருக்குது? அதுல பாருங்க.”

அவர் உடனே பார்க்கவில்லை. “ஆஃப் பண்ணிட்டியாபா?” என்று கேட்டார். பண்ணிட்டேன் என்றேன். ஒளி முழு அளவில் போய்க்கொண்டிருப்பதைத் திரையில் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். பழக்கமில்லாத கண் அல்லவா, ரொம்ப நேரம் பார்த்தார். முனையில் மயிரிழைபோல ஒரு கீறல் இருப்பதைக் கண்டுபிடித்து, முனையையே மாற்றினார். அத்தனை நாள் பிடிபடாத பழுது அதுதான்.

அதற்குப் பிறகு அந்தக் கோடு ஒரு தடவைகூடச் சிவக்கவில்லை மேடம். எழுதும்போது அதையும் சேர்த்து எழுதுங்கள்.