ஒஸ்ரின் காரின் விலை

பழைய கார்களின் விலை இறங்குகிறதா என்று கோப்பாயில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வந்து கேட்பார்கள். நானும் இறங்காது என்றுதான் சொல்லுவேன். ஐயா கேட்டது அதுவல்ல என்று எனக்குத் தெரியும். கடந்த வியாழக்கிழமை என் காருக்கு என்ன பழுது வந்தது என்று மட்டும்தான் கேட்டீர்கள். மரண விசாரணைக்கு அது போதும் என்று நினைத்திருப்பீர்கள். போதாது. நான் முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாக எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஆழ்வாப்பிள்ளை. வயது அறுபத்திரண்டு. தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவி காலமாகி மூன்று வருடம். ஒரே மகள் குணலட்சுமி, அவளுக்கு முப்பத்திரண்டு வயது. கார் ஒன்று இருக்கிறது. ஐம்பத்தெட்டாம் ஆண்டு ஒஸ்ரின் கேம்பிறிஜ், சாம்பல் நிறம். வெளியில் வேப்பமரத்துக்குக் கீழே நிற்பது அதுதான்.

தொண்ணூறாம் ஆண்டு சண்டையால் பெற்றோல் வருவது நின்ற பிறகுதான் இந்தக் காரின் அருமை ஊருக்குத் தெரிந்தது. யப்பான் கார் வைத்திருந்தவர்கள் அதற்குள் கோழி அடைத்தார்கள். அந்தக் கார்களுக்கு வாய் ருசி கூட. பெற்றோல் தவிர வேறொன்றும் இறங்காது. பழைய ஒஸ்ரினும் மொறிசும் அப்படியல்ல. சேலைன் குழாயால் பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு எழுப்பிவிட்டால், பிறகு மண்ணெண்ணெயிலேயே ஓடும். எண்பத்தெட்டில் பழைய இரும்புக்காரன் தராசோடு வந்து கேட்ட காரை, தொண்ணூற்றிரண்டில் தோட்டக்காணி எழுதித் தருகிறோம் என்று வந்து கேட்டார்கள். என்னைப் பைத்தியம் என்று சொன்னவர்களே படலையில் வந்து நின்றார்கள். அந்த நாட்களில் நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தேன்.

ஆனால் நான் கல்நெஞ்சக்காரன் அல்ல. அந்த நாலு வருடத்தில் ஆஸ்பத்திரிக்கு என்று வந்து கேட்ட ஒருவரையும் திருப்பி அனுப்பியதில்லை. ஊரில் விசாரித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பூரணத்தின் கடைசிப் பிள்ளை பிறந்ததும் இந்தக் கார் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகுதான். அதற்காக அவள் வருடா வருடம் பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு முதல் பானைப் பொங்கலைக் கொண்டு வருவாள். என் மனைவி படுக்கையில் கிடந்தபோது குளிக்க வார்த்தவளும் அவள்தான். அவளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

போன வருடக் கடைசியில் சண்டையை நிறுத்தப் பேச்சுவார்த்தை என்று கதை வந்தது. கப்பலில் பெற்றோல் வரப்போகிறதாம் என்றார்கள். ஊரெல்லாம் சந்தோஷப்பட்டது. பெற்றோல் வந்தால் என் காரை யார் கேட்பான் என்று நான் கணக்குப் பார்த்தேன். தரகர் அடைக்கலநாதன் முன்பெல்லாம் கிழமைக்கு இரண்டு முறை வந்து, தேத்தண்ணீர் குடித்து, காரைச் சுற்றிச் சுற்றி வருவார். தை மாதம் ஒரே ஒரு முறைதான் வந்தார். மாசி மாதம் சைக்கிளால் இறங்கவே இல்லை. ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு, "அண்ணை, உந்த யப்பான் காருகளைக் கழுவத் தொடங்கிட்டாங்கள்" என்றார். சந்தை இறங்குவதை அறிய எனக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கும் யாரோ கேட்டதற்கு, விலை இறங்காது என்றுதான் சொன்னேன்.

ஏன் விற்க வேண்டும் என்று கேட்பீர்கள். குணலட்சுமிக்குக் கனடாவில் மாப்பிள்ளை பொருந்தியிருந்தது. மூன்று சம்பந்தம் குழம்பிப் போன பிறகு வந்தது. சித்திரை மாதத்துக்குள் பெண் கொழும்புக்கு வந்துவிட வேண்டும், அல்லது வேறு இடம் பார்ப்போம் என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். அவளை அனுப்புகிற செலவுக்கு என்னிடம் இருந்தது இந்தக் கார் மட்டும்தான். நகையும் காணியும் தாயின் வருத்தத்துக்குப் பார்த்த வைத்தியத்தோடு போய்விட்டன. ஒவ்வொரு நாளும் காரைப் பார்ப்பேன், அது குறைந்துகொண்டே போகிறது போலத் தெரியும். சோற்றில் கை வைத்தால் சோறு இறங்காது. இன்றைக்கு விற்காவிட்டால் என்றைக்கும் இல்லை என்று என் மனம் அடித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பயத்தை ஐயாவுக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்று தெரியவில்லை.

கடைசியில் குருநகர்ச் சம்மாட்டி செபநாயகம் சம்மதித்தார். ஏழெட்டு வள்ளம் வைத்திருப்பவர், நல்ல மனிதர். வெள்ளிக்கிழமை காலை மெக்கானிக் கிறகோரியோடு வந்து என்ஜினின் சத்தத்தைக் கேட்டுப் பார்த்து, சரியென்றால் அன்றே கொண்டுபோவதாக ஏற்பாடு. கிறகோரியின் காதை ஏமாற்ற முடியாது. மண்ணெண்ணெயில் ஓடினால் என்ஜின் ஒயில் தண்ணீராகிவிடும், சத்தம் மாறும், பின்னால் கரும்புகை வரும். அதனால் நான் புது ஒயில் மாற்றினேன். எங்கெல்லாமோ கெஞ்சி ஒரு போத்தல் சுத்தமான பெற்றோல் எடுத்து வைத்தேன். வெள்ளிக்கிழமை காலை பெற்றோலில் ஸ்ராட் பண்ணினால், முப்பத்தேழு வயதுக் கார் குமரிப்பிள்ளை மாதிரிப் பேசும்.

இன்னொன்றும் செய்தேன். அது நான் மட்டும் செய்வதல்ல, கார் வைத்திருக்கிற எல்லோரும் செய்வதுதான். பொனற்றை, அதுதான் என்ஜின் மூடியை, திறந்தால் றோட்டர் என்று ஒரு சின்னத் துண்டு இருக்கும். கறுப்பு, பெருவிரல் அளவு. என்ஜினுக்குத் தீப்பொறியைப் பிரித்துக் கொடுப்பது அதுதான். அதைக் கழற்றிவிட்டால் பிரமன் வந்தாலும் காரை எடுக்க முடியாது. யாராவது வந்து அவசரத் தேவை என்று காரைக் கொண்டுபோய்விடக் கூடாதே என்று எல்லோரும் அதைக் கழற்றி வைத்துக்கொள்வோம். வியாழக்கிழமை மத்தியானம் நான் கழற்றிச் சாரத்து மடியில் செருகிக்கொண்டேன்.

நாலு மணி இருக்கும். பூரணத்தின் புருஷன் நடராசா வேலியைப் பிரித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"அண்ணை, பூரணத்துக்குப் பாம்பு கடிச்சுப்போட்டுது. வெங்காயத்துக்குள்ளை புல்லுப் பிடுங்கேக்கை. நாகம்தான், நான் கண்ணாலை கண்டனான். காரை எடுங்கோ அண்ணை."

"ஓம் ஓம், கொண்டு வா" என்றேன். அந்த ஓம் தானாக வந்தது. நாலு வருடப் பழக்கம்.

அவர்கள் அவளைத் தூக்கி வருவதற்குள் நான் பொனற்றைத் திறந்துவிட்டேன். மடியில் கை வைத்தேன். றோட்டரை மாட்ட ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தில் நான் யோசித்தேன். ஆஸ்பத்திரி நாலு மைல். திரும்பி வர நாலு. எழுப்புவதற்கே அரைப் போத்தல் பெற்றோல் போய்விடும், மிச்சத் தூரம் மண்ணெண்ணெய். புது ஒயில் கெட்டுவிடும். விடிந்தால் கிறகோரி வந்துவிடுவான். பாம்பு கடித்த எல்லோரும் செத்துப்போவதில்லை, விஷம் ஏறாத கடி எத்தனையோ இருக்கிறது. இதெல்லாம் நியாயமான எண்ணங்கள்தான். குணலட்சுமி குசினி வாசலில் வந்து நின்றாள். அவளைப் பார்த்தேன். பொனற்றைச் சாத்தினேன்.

பூரணத்தைப் பின் சீற்றில் இருத்தினார்கள். காலில் சேலைத்துண்டு கட்டியிருந்தது. நான் சாவியைத் திருப்பினேன். என்ஜின் சும்மா சுற்றியது, சுற்றிவிட்டு நின்றது. மறுபடியும் திருப்பினேன்.

"பிடிக்குதில்லை" என்றேன்.

"அப்ப நான் சைக்கிளிலை ஏத்தட்டே? இல்லாட்டி முருகேசற்றை லான்ட்மாஸ்ரரைக் கேட்கட்டே?" என்றார் நடராசா. முருகேசுவின் உழவு மெசின் அடுத்த ஒழுங்கையில் நின்றது. பத்து நிமிடத்தில் வந்திருக்கும்.

இந்த இடத்தை ஐயா கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். நான் அந்த நேரம் "ஓம், போ" என்று சொல்லியிருந்தால் இன்றைக்கு இந்த விசாரணையே இல்லை. ஆனால் ஆழ்வாப்பிள்ளை கார் தரவில்லை என்று ஊர் பேசுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நாலு வருடப் பெயர் அது. "உந்த லான்ட்மாஸ்ரர் எப்ப போய்ச் சேரும்? தள்ளினால் பிடிக்கும். ஆக்களைக் கூப்பிடு" என்றேன்.

ஒன்பது பேர் வந்தார்கள். எங்கள் ஊரில் கார் தள்ளக் கூப்பிட்டால் வராதவன் கிடையாது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தோள் கொடுத்தார்கள். நான் ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது கியரில் போட்டுக் கிளச்சை விட்டால் கார் ஒரு குலுக்குக் குலுக்கும். ஒவ்வொரு குலுக்கலுக்கும் பின்னாலிருந்து "பிடிக்குது, பிடிக்குது" என்று கத்தினார்கள். ஆஸ்பத்திரி றோட்டில் இருபாலைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். நானும் விடாமல் கிளச்சை விட்டு விட்டுப் பிடித்தேன். என்னை நானே நம்பிவிட்டேன் என்றுகூடச் சொல்லலாம், அவ்வளவு கவனமாக ஓட்டினேன்.

பாதி வழியில் பூரணம் பின்னாலிருந்து கதைத்தாள். நாக்குத் தடித்துவிட்டது போலக் கேட்டது.

"அண்ணை, எனக்குக் கண்மடல் தூக்க ஏலாமல் கிடக்கு."

கண்ணாடியில் பார்த்தேன். கண் பாதிதான் திறந்திருந்தது. கொஞ்சம் பொறுத்து, "நீங்கள் அந்தரப்படாதேங்கோ அண்ணை, பிடிக்கும்" என்றாள். அவள் கடைசியாகச் சொன்னது அதுதான்.

என் இடது கை இரண்டு தரம் மடிக்குப் போனது. இதையும் எழுதுங்கள், இரண்டு தரம். நிறுத்தி, பொனற்றைத் திறந்து மாட்டியிருக்கலாம். அப்போதும் நேரம் இருந்தது என்று டொக்டர் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். ஆனால் ஒன்பது பேர் வேர்த்து வழிந்துகொண்டு நிற்கிறார்கள். கார் சடாரென்று பிடித்தால், இவ்வளவு நேரமும் எங்கே வைத்திருந்தாய் என்று ஒருவனாவது கேட்பான். எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் கை திரும்பி ஸ்ரியறிங்குக்கு வந்தது.

இருபாலைச் சந்தியில் நடராசா காரை விட்டுவிட்டு யாருடையவோ சைக்கிளை மறித்தார். இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள, அவளைக் கரியரில் வைத்துக்கொண்டு ஓடினார்கள். கல்வியங்காடு தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. புறப்பட்டதிலிருந்து சந்தி வரை முக்கால் மணித்தியாலம் என்று உங்களுக்குச் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். அது சரியான நேரம்தான்.

செத்தவீட்டில் எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். நடராசா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களும் எவ்வளவு பாடுபட்டியள் அண்ணை" என்று அழுதார். நானும் அழுதேன். அது பொய் அழுகை அல்ல.

வெள்ளிக்கிழமை சம்மாட்டி வரவில்லை. கிறகோரி மட்டும் வந்தான், அதுவும் படலைக்கு வெளியில் நின்றுகொண்டான். "சம்மாட்டியார் வேண்டாமாம் ஐயா. அந்தரத்துக்கு உதவாத கார் எங்களுக்கு எதுக்கு எண்டு கேக்கிறார்" என்றான். சனிக்கிழமைக்குள் ஊர் முழுக்க அந்தப் பேச்சு. ஆழ்வாப்பிள்ளையின் ஒஸ்ரின் ஒன்பது பேர் தள்ளியும் எழும்பாத கார். ஞாயிற்றுக்கிழமை அடைக்கலநாதன் வந்து, பழைய இரும்புக்காரனைக் கூட்டி வரட்டா என்று கேட்டார். பகிடி விடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை.

அன்று பின்னேரம் குணலட்சுமி உடுப்புத் தோய்த்தாள். என் சாரத்தின் மடிப்பிலிருந்து றோட்டர் விழுந்திருக்கிறது. கொண்டு வந்து எனக்கு முன்னால் மேசையில் வைத்தாள். நாலு வருடம் என்னோடு இந்தக் காரோடு மாரடித்தவள், அது என்னவென்று அவளுக்குத் தெரியும். "எனக்குக் கலியாணம் வேண்டாமப்பா" என்றாள். அதன் பிறகு என்னோடு கதைக்கவில்லை. பெண்பிள்ளைகள் அப்படித்தான், நல்ல விலைக்குக் கார் போய்விட்டால் சமாதானமாகிவிடுவாள். எல்லாம் அவளுக்காகத்தானே.

இன்று காலை அந்த றோட்டரை மாட்டினேன். எடுத்து வைத்திருந்த பெற்றோலை விட்டேன். சாவியைத் திருப்பியதும் முதல் தரத்திலேயே பிடித்தது. அதில்தான் இங்கே வந்தேன், ஐயாவும் சத்தத்தைக் கேட்டிருப்பீர்கள். ஒரு இருமல் இல்லை, ஒரு பொட்டுப் புகை இல்லை. நடராசா வெளியில் மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். கார் வந்து நின்றதும் மெல்ல எழும்பினார். காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு திரும்பவும் காரைப் பார்த்தார். இன்னும் அப்படியே நிற்கிறார், யன்னலால் பாருங்கள்.

என்னை ஒருவரும் வற்புறுத்தவில்லை. நானாகத்தான் வந்தேன். கார் பழுது என்று ஐயாவின் புத்தகத்தில் ஒருமுறை ஏறிவிட்டால் பிறகு எந்தக் காலத்திலும் அதை அழிக்க முடியாது, வாங்க வருகிறவன் அதைத்தான் காட்டுவான். சித்திரைக்கு இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது. பெற்றோல் கப்பலும் இன்னும் வரவில்லை. ஆகையால் காரில் ஒரு பிழையும் இல்லை என்று முதலில் எழுதுங்கள். பூரணத்தைப் பற்றி அதற்குக் கீழே எழுதலாம்.